மணற்றிட்டின் காவல்

அமேசன் ஆண்டுதோறும் பெருகி வடியும் நதி. வெள்ளம் வடியும் மாதங்களில் அதன் கிளையாறுகளிலே வெண்மணற்றிட்டுக்கள் தலைகாட்டும். அந்நாட்களுக்கெனக் காத்திருந்தாற்போல, தென்னமெரிக்காவின் மிகப் பெரிய ஆற்றாமையினத்தின் பெண்கள் இரவிலே கூட்டங்கூட்டமாகக் கரையேறி, குழி தோண்டி, ஒவ்வொன்றும் நூறளவான முட்டைகளையிட்டு மூடிவிட்டு நீருக்குத் திரும்புகின்றன. 'ஆற்றாமை' என்னுஞ் சொல்லுக்குத் தமிழிலே பிறிதொரு பொருளும் உண்டு. இவ்வினத்தின் வரலாற்றைப் படிப்போருக்கு அதுவும் நினைவில் எழாதிராது.

ஆங்கில இயற்கையியலறிஞரான ஹென்றி வால்ற்றர் பேற்ஸ் 1848 முதல் 1859 வரை அமேசன் பிரதேசத்திலே வாழ்ந்தவர். இன்று தெஃபே எனப்படும் ஏகா என்ற ஊரில் ஏறத்தாழ ஒவ்வொரு வீட்டின் பின்புறத்திலும் ஆமைகளை அடைத்துவைக்குங் குட்டையொன்று இருந்ததென்றும், மழைக்காலத்தில் ஊராரின் உணவு பெரும்பாலும் அதுவே என்றும் 1863இல் வெளியான தமது நூலில் அவர் எழுதுகிறார். முட்டைக்காலத்தைப் பற்றிய அவரது விவரணம் ஊன்றிப் படிக்கத்தக்கது. ஊர்ச்சபை ஒவ்வொரு திட்டுக்கும் ஒரு தலைவனை நியமிக்கும். ஆமைகள் அச்சமின்றி முட்டையிடும் பொருட்டுக் காவலர் அமர்த்தப்படுவர். உயர்ந்த மரத்திலே பரணமைத்து அவர்கள் கண்விழித்திருப்பர். அருகிலே தீ மூட்டலாகாது. முட்டையிடுதல் முடிந்ததும் நூற்றுக்கணக்கானோர் கூடுவர். காவற்செலவுக்கெனத் தலைக்கு இவ்வளவென்று கட்டணமும் அறவிடப்படும். முரசு அறைந்தவுடன் துடுப்புக்களையே மண்வெட்டியாகக் கொண்டு யாவரும் ஒருமிக்கத் தோண்டத் தொடங்குவர். முட்டைகளை வெறுந் தோணியிற் கொட்டி மிதித்து, நீர் வார்த்து வெயிலில் விட்டால் எண்ணெய் மேலே மிதக்கும். அதனைச் சிப்பி கட்டிய நீண்ட அகப்பைகளால் வழித்தெடுத்துச் செப்புக் கொப்பரைகளிற் காய்ச்சுவர். பேற்ஸின் கணக்குப்படி ஆண்டொன்றுக்கு 8,000 சாடி எண்ணெய். சாடியொன்றுக்குச் சுமார் 6,000 முட்டைகள். ஆக அழிந்தவை 4 கோடியே 80 இலட்சம்.

இவற்றுள் 6,000 சாடிகள் பாரா நகருக்கு ஏற்றுமதியாயின. அந்நகரத்தார் அவ்வெண்ணெயில் விளக்கெரித்தனர், மீன் பொரித்தனர். ஊரார் உபயோகித்தவை 2,000 சாடிகளே. உள்ளூர் மக்களின் வேட்டையே ஆமையை அழித்ததென்று எளிதாகக் கூறுவோர் இவ்விரு எண்களையும் அருகருகே வைத்து நோக்குதல் நன்று. ஆமைக்கறி உண்ட குடிகள் ஐரோப்பியர் வருமுன்னரும் அங்கே வாழ்ந்தனர். எல்லையற்ற சந்தைதான் பின்னர் வந்தது. ஆமைத்தொகை வெகுவாகக் குறைந்துவிட்டதென்பதைப் பேற்ஸின் காலத்துக் குடியேறிகளே ஒப்புக்கொண்டிருந்தனர். எனினும் திட்டில் ஒரு பகுதியைத் தோண்டாது விடும் வழக்கம் அங்கு உருவாகவில்லை. 1800இல் ஒறினோக்கோ நதியிற் பயணஞ் செய்த ஹம்போல்ட், முன்பு இயேசு சபைத் துறவிகள் அவ்வாறு ஒரு பகுதியை விட்டுவைத்தனர் என்றும், பின்வந்தோர் முழுவதையுந் தோண்டினர் என்றும் குறித்துள்ளார்.

1967இல் பிரேசில் வனவிலங்கு வேட்டையைச் சட்டத்தாற் தடைசெய்தது. 1979இல் ஆற்றாமைகளுக்கெனத் தனித் திட்டமொன்றும் தொடங்கியது. பசியாற்றக் கொல்வது குற்றமாகாதெனக் கூறும் சட்டம் 1998இலேயே வந்தது. ஆனால் ஆயிரக்கணக்கான மைல் நீண்ட ஆற்றங்கரைக்குச் சட்டம் எவ்வாறு காவலிருக்கும்? நகரங்களில் ஆமைக்கறி விருந்துணவாகவே நீடித்தது, விலையும் உயர்ந்தது.

ஏகாவுக்கு மேற்கே அமேசனிற் கலக்கும் ஜுருவா ஆற்றங்கரையின் கிராமத்தவர் சிலர் வேறொரு வழியை மேற்கொண்டனர். குறித்த சில திட்டுக்களைத் தாமே காப்பதென முடிவுசெய்து, முட்டைக்காலம் முழுவதும் திட்டின் அருகே குடில் அமைத்து இரவும் பகலும் காவலிருந்தனர். 2018இல் வெளியான ஆய்வொன்று அங்குள்ள 2,000இற்கும் மேற்பட்ட ஆமைக்கூடுகளைக் கணக்கிட்டது. காவலற்ற திட்டுக்களில் நூற்றுக்கு 99 கூடுகள் திருடப்பட்டிருந்தன. காவலுள்ள திட்டுக்களிலோ 2 மட்டுமே. அதே மணலிற் கூடுகட்டும் ஆற்றுப் பறவைகளும் அங்குப் பெருகியிருந்தன.

இக்காவலர் ஆமையுண்ணாத் துறவிகளல்லர். ஆமையின் சுவையறிந்த குடும்பத்தவரே. அது அற்றுப்போனால் தம் அடுக்களையில் எது குறையுமென்பதை அவர்கள் அறிவர். பட்டணத்து அலுவலகத்திலிருந்து அனுப்பப்படும் அதிகாரிக்கு அந்த அறிவு எளிதில் வாய்ப்பதில்லை. எனினும் இக்காவலுக்குக் கிடைக்குங் கைம்மாறு மிகச் சொற்பம்; படகில் வரும் திருடரோ பெருவிலையை நம்பி வருபவர். வறியவரின் கண்விழிப்பிலே உலகம் தன் இயற்கைச் செல்வத்தைக் காத்துக்கொள்வது நீதியா என்ற வினாவுக்கு ஆய்வறிக்கைகளின் அட்டவணைகளில் இடமில்லை.

சுமார் இரண்டு மாதங்களில் குஞ்சுகள் பொரிக்கின்றன. முட்டைக்குள்ளிருக்கும்போதே அவை ஒலியெழுப்புகின்றன என்றும், தாயாமைகள் நீரிலிருந்து ஒலித்து அவற்றை எதிர்கொண்டு, வெள்ளம் புகுந்த காடுகளை நோக்கி உடன் நீந்துகின்றன என்றும் ஆய்வாளர் அண்மைக்காலத்திற் கண்டறிந்துள்ளனர். ஆறு மீண்டும் ஏறத் தொடங்கும்போது மணற்றிட்டு மூழ்கிவிடும். காவலிருந்த குடும்பம் குடிலைவிட்டுத் தோணியேறி ஊருக்குத் திரும்பும்.