மலை கேட்பது லீவு! கும்மிடிப்பூண்டியிலிருந்து எவரெஸ்ட் அடிவார முகாம் வரை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் முடிந்து டீக்கடையில் கூடும் இளைஞர்களின் செல்போன்களில் இப்போது அடிக்கடி தெரிவது பனிமலை. தொங்கு பாலம், கலர் கலராகப் பறக்கும் கொடிகள், மணி கட்டிய யாக் மாடுகள், கடைசியில் 'எவரெஸ்ட் பேஸ் கேம்ப்' என்று எழுதிய பாறை. முப்பது விநாடி வீடியோ முடிவதற்குள் முடிவே எடுத்துவிடுகிறார்கள். "மச்சான், அடுத்த வருஷம் நாமளும் போறோம்டா!"

போகலாம். நேபாளத்துக்கு இந்தியர்களுக்கு விசா வேண்டாம். பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை போதும். கயிறு கட்டிப் பாறை ஏறும் வேலையும் இல்லை. அடிவார முகாம்வரை நடைபாதைதான். வழி நெடுக தங்கும் விடுதிகள் இருக்கின்றன. சோறு, பருப்பு, காய் சேர்ந்த 'தால் பாத்' கிடைக்கும். மறுபடி கேட்டால் முகம் சுளிக்காமல் போடுவார்கள். பிறகு என்ன தடை?

பணம் என்றுதான் பலரும் நினைப்பார்கள். உண்மையான தடை, லீவு!

சமவெளிக்காரரின் நுரையீரல்

கும்மிடிப்பூண்டி, பழவேற்காடு ஏரிக்கு அருகே கடலோரச் சமவெளியில் இருக்கிறது. இங்கே பிறந்து வளர்ந்த உடம்பு, நல்ல அடர்த்தியான காற்றுக்குப் பழகியது. எவரெஸ்ட் அடிவார முகாம் 5,364 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டியின் தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான். அதாவது ஒரு தொட்டபெட்டாவின் மேல் இன்னொன்றை வைத்தாலும் அந்த உயரம் வராது. அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதி.

இந்தக் குறைச்சலுக்கு உடம்பு தன்னைப் பழக்கிக்கொள்ளும். ஆனால், அதற்கு நாள் வேண்டும். அதனால்தான் மலை மருத்துவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, ஒவ்வோர் இரவும் படுக்கும் இடம் முந்தைய இரவைவிட சுமார் 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை, அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும்.

எவரெஸ்ட் பாதை இந்தக் கணக்கின்படிதான் பிரிக்கப்பட்டிருக்கிறது. காத்மாண்டுவிலிருந்து சின்ன விமானத்தில் லுக்லா. வெறும் 527 மீட்டர் நீளம், அதுவும் மேட்டில் ஏறுவதுபோல் சரிந்த ஓடுபாதை. அங்கிருந்து இரண்டு நாள் நடந்தால் 3,440 மீட்டரில் நாம்சே பஜார். அங்கே ஒரு நாள் தங்கல். பிறகு பழைய புத்த மடாலயம் இருக்கும் தெங்போச்சே, 4,410 மீட்டரில் திங்போச்சே. அங்கேயும் ஒரு நாள் தங்கல். அடுத்து லோபுச்சே, கோரக்‌ஷெப், அடிவார முகாம். ஏற எட்டு நாள், இறங்க மூன்று நான்கு நாள். மோசமான வானிலையில் லுக்லா விமானம் ரத்தாகும் என்பதால், கையில் இரண்டு நாள் கூடுதலாக இருக்க வேண்டும். மொத்தம் இரண்டு வாரம்.

இதில் ஊரிலிருந்து போகும் பயணம் சேரவில்லை. கும்மிடிப்பூண்டி தண்டவாளத்தின் வழியாகவே ஓடும் ரப்திசாகர் எக்ஸ்பிரஸ், கோரக்பூர் வரை செல்கிறது. சென்னையில் ஏறினால் ஏறக்குறைய இரண்டு நாள். அங்கிருந்து சோனௌலி எல்லை. எல்லை தாண்டி காத்மாண்டுவுக்கு பஸ்ஸில் ஒரு பகல் முழுக்கப் போய்விடும். விமானத்தில் போனால் நாள் மிச்சமாகும், செலவு கூடும். தரைவழியாகப் போய்வர வேண்டுமானால் மொத்தம் மூன்று வாரம்.

ஷிஃப்டில் வேலை பார்ப்பவருக்கு யார் மூன்று வாரம் லீவு தருவார்கள்? கெஞ்சிக் கூத்தாடி பத்து நாள் வாங்குவார்கள். அப்போதுதான் ஆபத்தான யோசனை வரும். "நாம்சேயில எதுக்குடா ஒரு நாள் சும்மா உட்காரணும்? நாம எல்லாம் ஃபிட்டு. அதை வெட்டிடலாம்."

மலையில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் இந்த 'வெட்டிடலாம்'தான்.

ஜிம் உடம்புக்கும் விதிவிலக்கு இல்லை

உயர நோய்க்கு உடற்கட்டு தெரியாது. ஜிம்முக்குப் போகிறவர், ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்தவர், முதல்முறை நடப்பவர் என யாருக்கு வேண்டுமானாலும் வரும். சொல்லப்போனால், உடல் வலு உள்ளவர்கள் வேகமாக ஏறிவிடுவதால் அவர்களே முதலில் மாட்டிக்கொள்வதும் உண்டு.

முதலில் தலைவலி வரும். கூடவே வாந்தி உணர்வு, சோர்வு, தலைச்சுற்றல், தூக்கமின்மை. இந்த நிலையில் மேலே ஏறாமல் அதே இடத்தில் தங்கினால், பலருக்கும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். சரியாகாவிட்டால் இறங்க வேண்டும். தலைவலியை மறைத்துக்கொண்டு மேலே ஏறினால் அடுத்த கட்டம் வரும். மூளையில் நீர் கோத்தால், குடித்தவர்போல நடை தள்ளாடும், பேச்சு குழறும். நுரையீரலில் நீர் கோத்தால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும். இந்த இரண்டில் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. உடனே கீழே இறக்க வேண்டும். அந்த நேரத்தில் முதல் மருந்து இறக்கம்தான். உயர நோயைத் தடுக்க மாத்திரைகள் இருக்கின்றன. ஆனால் ஒவ்வாமை முதல் மற்ற நோய்கள் வரை பார்த்து மருத்துவர் சொன்ன பிறகே எடுக்க வேண்டும். நண்பனின் பையிலிருந்து வாங்கி விழுங்கக் கூடாது.

இதில் சிப்காட் இளைஞர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. மிஷினில் இருக்கும் சிவப்பு பட்டன் அவர்களுக்குத் தெரியும். ஏதாவது தவறாக நடந்தால், சூப்பர்வைசரைக் கேட்காமல் யார் வேண்டுமானாலும் அதை அழுத்தி மிஷினை நிறுத்தலாம். 'உற்பத்தி கெட்டுப்போச்சே' என்று தயங்கினால் கை போய்விடும். மலையில் அந்தச் சிவப்பு பட்டன், 'எனக்குத் தலை வலிக்குது' என்கிற வார்த்தை. 'பசங்க கிண்டல் பண்ணுவாங்க', 'என்னால எல்லாருடைய ட்ரிப்பும் கெட்டுடும்' என்று அதை அழுத்தாமல் விடுவதுதான் விபத்து.

படிப்படியாக ஏறியவர்கள்

சமவெளிப் பிள்ளைகளால் பெரிய மலை ஏற முடியாது என்பதும் உண்மையல்ல. 2014 மே 25 அன்று தெலங்கானாவைச் சேர்ந்த மலாவத் பூர்ணா எவரெஸ்ட் உச்சியில் நின்றபோது, அவருக்கு வயது 13 ஆண்டு 11 மாதம். உடன் ஏறியவர் இன்னொரு மாணவர் ஆனந்த் குமார். இருவரும் சமூக நலத்துறை விடுதிப் பள்ளிகளில் படித்தவர்கள். பூர்ணாவின் பெற்றோர் விவசாயக் கூலிகள்.

அவர்கள் நேராக எவரெஸ்ட்டுக்குப் போகவில்லை. ஐதராபாத் அருகே புவனகிரிப் பாறையில் முதலில் ஏறிப் பழகினார்கள். பிறகு டார்ஜிலிங்கில் பயிற்சி. அதன் பிறகு லடாக் குளிர். கடைசியாகத்தான் திபெத் பக்கமாக எவரெஸ்ட். தமிழ்நாட்டிலிருந்து எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட முதல் பெண் என்ற பெயரை முத்தமிழ்ச்செல்வி 2023 மே மாதம் பெற்றார். கோவளத்தைச் சேர்ந்த ராஜசேகர் பச்சை ஏறியதும் அதே மாதம்தான். கடற்கரை ஊர்க்காரரும் அங்கே போய் நிற்க முடிந்தது.

திருவள்ளூரிலேயே இருக்கிறது முதல் படி

கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் இளைஞர்களுக்கும் இப்படி ஒரு படிக்கட்டு பக்கத்திலேயே இருக்கிறது. அதுவும் நிஜமான படிக்கட்டு. திருத்தணி முருகன் கோயிலுக்கு 365 படிகள். வருஷத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று என்பார்கள். வாராந்திர விடுமுறையில் விடியற்காலையில், முதுகில் ஐந்து கிலோ பையோடு ஏறி இறங்கிப் பார்த்தால் முட்டியின் நிலவரம் தெரிந்துவிடும். மலையில் வலிப்பது ஏறும்போதைவிட இறங்கும்போதுதான்.

அடுத்தது திருப்பதி. அலிபிரியிலிருந்து திருமலைக்கு 3,550 படிகள், சுமார் 9 கிலோமீட்டர். பாட்டிகளும் கைக்குழந்தைக்காரர்களும் நடக்கும் பாதைதான். அவர்களிடம் ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம். மெதுவாக, நிற்காமல், பேசிக்கொண்டே நடப்பார்கள். மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகம்தான் இமயமலையிலும் சரியான வேகம்.

காட்டில் நடந்து பழக, பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அருகே குடியம் குகைகள் இருக்கின்றன. செந்நிறக் கூழாங்கல் பாறைகள் குடையாகக் கவிந்த இடம். ஆதி மனிதர்கள் வாழ்ந்ததற்கான தடயங்களைத் தொல்லியல் துறையினர் அங்கே தோண்டி எடுத்திருக்கிறார்கள். பக்கத்து அத்திரம்பாக்கத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-ல் கற்கருவிகளைக் கண்டார். அங்குள்ள மிகப் பழைய கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-ல் வெளியான ஆய்வு சொன்னது. திருவள்ளூர் மாவட்டத்தின் முதல் பட்டறை அதுதான்! குடியம், வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் இருக்கும் 40 பாதைகளில் ஒன்று. 2024 அக்டோபரில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் ஆன்லைனில் முன்பதிவு செய்து, பயிற்சி பெற்ற வழிகாட்டியோடு போகலாம்.

அனுமதி, வழிகாட்டி என்றதும் இளைஞர்களுக்கு அலுப்பு வரும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போனவர்களில் 23 பேர் உயிரிழந்தார்கள். தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வந்தது அதன் பிறகுதான். காட்டுத்தீ காலத்தில் பாதைகளை மூடுவதற்கும் காரணம் அதுதான். ஆந்திர எல்லையில் தடா, நாகலாபுரம் பக்கம் அருவிக் குட்டைகளில் நீச்சல் தெரியாமல் இறங்கி இளைஞர்கள் இறந்த செய்திகளும் பலமுறை வந்திருக்கின்றன. சின்ன மலைதானே என்கிற அலட்சியம் சின்ன மலையிலேயே தண்டிக்கப்படும்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. இந்தப் பயிற்சி எல்லாம் காலுக்கும் மூச்சுக்கும்தான். உயரத்துக்கு உடம்பைப் பழக்க சமவெளியில் வழியே இல்லை. அதற்கு ஒரே வழி, உயரத்தில் நாட்களைச் செலவழிப்பது.

லீவுக்கு ஏற்ற மலை

பத்து நாள்தான் லீவு என்றால் வெளிநாட்டு மலையே கிடையாதா? தாராளமாக உண்டு. லீவுக்கு ஏற்ற மலையைத் தேர்ந்தெடுக்கலாம். மலைக்காக லீவைச் சுருக்கத்தான் கூடாது.

நேபாளத்தின் பொக்காராவிலிருந்து நான்கைந்து நாளில் போய்வரக்கூடியது பூன் ஹில். உயரம் சுமார் 3,210 மீட்டர். விடியலில் அன்னபூர்ணா, தௌலகிரி மலைகள் பொன்னிறமாவதை அங்கிருந்து பார்க்கலாம். மேற்கு வங்கத்தின் சாந்தக்ஃபூ 3,636 மீட்டர். டார்ஜிலிங் பக்கமிருந்து போகும் அந்தப் பாதை இந்தியாவுக்குள்ளும் நேபாளத்துக்குள்ளும் மாறி மாறிப் போகும். வானம் தெளிந்திருந்தால் கஞ்சன்ஜங்காவோடு எவரெஸ்ட்டும் தெரியும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அவ்வளவு பாடுபட்டு எவரெஸ்ட் அடிவார முகாமுக்குப் போனால், அங்கிருந்து எவரெஸ்ட் உச்சி தெரியாது! முன்னால் இருக்கும் மலைகள் மறைத்துவிடும். உச்சியைப் பார்க்க, பக்கத்தில் இருக்கும் காலாபத்தர் மேட்டில் ஏற வேண்டும். 'பேஸ் கேம்ப்' பாறை முன் ஒரு செல்ஃபிக்காக இரண்டு ஓய்வு நாளை வெட்டுவதைவிட, சாந்தக்ஃபூவில் உட்கார்ந்து எவரெஸ்ட்டை நிதானமாகப் பார்த்துவிட்டு வருவது எவ்வளவோ மேல்.

டிக்கெட்டுக்கு முன் ஓர் ஒப்பந்தம்

குழுவாகக் கிளம்புகிறவர்கள் வாட்ஸ்அப் குரூப் தொடங்கும் அன்றே சில விஷயங்களைப் பேசி முடித்துவிடுவது நல்லது. பிள்ளைகளை அனுப்பும் அப்பா, அம்மாவும் இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

ஓய்வு நாட்களை எந்தக் காரணத்துக்காகவும் வெட்டுவதில்லை. குழுவின் வேகம், கடைசியாக வருபவரின் வேகம். தினமும் இரவுச் சாப்பாட்டின்போது ஒவ்வொருவரும் தலைவலி உண்டா, சாப்பாடு இறங்குகிறதா என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒருவர் இறங்க நேர்ந்தால் யார் கூட இறங்குவது என்பதை ஊரிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். மலையில் யாரும் தனியாக இறங்கக் கூடாது. மேலே போகும்போது மது வேண்டாம், டாக்டர் சொல்லாத தூக்க மாத்திரையும் வேண்டாம். இன்ஷூரன்ஸ் எடுத்தால், போகும் உயரத்துக்கும் ஹெலிகாப்டர் மீட்புக்கும் அது செல்லுமா என்று படித்துப் பார்க்க வேண்டும். யாக் மாடுகள் எதிரே வந்தால், பள்ளத்துப் பக்கம் ஒதுங்காமல் மலைப் பக்கம் ஒட்டி நிற்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. பாதியில் இறங்கி வந்தவரை ஊரில் யாரும் கிண்டல் செய்யக் கூடாது. கூட இறங்கி வந்தவருக்கு அடுத்த பயணத்தின் டீச்செலவு முழுக்க மற்றவர்கள் பொறுப்பு. இதற்கெல்லாம் எல்லோரும் சம்மதித்துவிட்டால், லீவு லெட்டர் எழுத ஆரம்பிக்கலாம்.