அடுத்தவர் படகு மேல ஏறிக் கரைக்குப் போனது

சீமைக்குப் போய்ட்டு வந்தவன் ஒண்ணுமே எழுதலையேன்னு நாலஞ்சு பேர் போன் பண்ணிக் கேட்டுட்டீங்க. வந்ததும் வாய்க்கால் வேலை, நாத்தங்கால் வேலைன்னு நாள் ஓடிப்போச்சு.

மகள் சவுத்தாம்ப்டன்ல நர்ஸா இருக்கு. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு பாய்மரப் படகு கிளப்புல மெம்பர். சனிக்கிழமை ஏழெட்டுப் படகா சேர்ந்து கிளம்பி, ஒரு ராத்திரி வெளியூர்ல தங்கிட்டு ஞாயித்துக்கிழமை திரும்புவாங்க. "அப்பா, உங்களையும் கூப்பிடுறார், வாங்க"ன்னுச்சு. போனேன்.

ஹாம்பிள் ஆத்துலேர்ந்து ஐல் ஆஃப் வைட் தீவுல இருக்கிற யார்மவுத்துக்குப் பயணம். நடுவுல உள்ள கடலுக்கு சோலண்ட்னு பேரு. கடல் வத்தும்போது அங்க தண்ணி மேற்க ஓடும், ஏறும்போது கிழக்க ஓடும். நாங்க போறது மேற்க. அதனால முறைத்தண்ணிக்குக் காத்திருக்கிற மாதிரி மணி பார்த்துக் கிளம்பினாங்க. காத்து எதிர்க்காத்து. பாய் கட்டின படகு எதிர்க்காத்துல நேரா போகாது. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம்னு கோணக்கோணலா ஏறணும். திருப்பும்போதெல்லாம் ஒரு கயிறை விட்டு இன்னொரு கயிறை இழுக்கணும். என் கையிலயும் ஒண்ணு கொடுத்தாங்க. மம்பட்டி பிடிச்ச கைக்கு அது சிரமமா இல்ல.

யார்மவுத் சின்ன ஊரு. 1547ல கட்டி முடிச்ச கோட்டை ஒண்ணு கரையிலயே நிக்குது. படகுத்துறையில இடம் கம்மி, வந்த படகு அதிகம். அதனால ஒரு படகோட இன்னொண்ணு, அதோட இன்னொண்ணுன்னு வரிசையா அணைச்சுக் கட்டிட்டாங்க. நாங்க நாலாவது. கரைக்குப் போகணும்னா மூணு பேர் படகைத் தாண்டித்தான் போகணும்.

எனக்குத் திக்குனு ஆச்சு. காரணம் இருக்கு. தாத்தா காலத்துல ஒண்ணா இருந்த எங்க நிலம் பாகம் பிரிஞ்சப்போ முன்வயல் சித்தப்பாவுக்கும் உள்வயல் எங்க அப்பாவுக்கும் வந்துச்சு. எனக்கு வண்டிப்பாதை கிடையாது. சித்தப்பா மகன் வயல் வழியாத்தான் அறுப்பு மெஷின் வரணும். ஏழு வருஷமா விடமாட்டேங்கிறான். நெல்லை அரிவாளால அறுத்து, தலைச்சுமையா ரோட்டுக்குக் கொண்டாறேன். பேச்சுவார்த்தையும் நின்னுபோச்சு.

இங்க யாரும் முகம் சுளிக்கல. ஆனா ஒழுங்கு இருக்கு. தாண்டுறவங்க படகோட முன்பக்கமா போகணும். ஆளுங்க உட்கார்ற பின்பக்கத்துல மிதிக்கக் கூடாது. மெதுவா நடக்கணும். காலையில யார் முதல்ல கிளம்புறாங்கன்னு ராத்திரியே பேசி வச்சுக்கணும். ஒன்பது மணிக்கும் வெளிச்சம் போகல. உள்படகுல இருந்த அம்மா, தாண்டிப் போன என்னை நிறுத்தி டீ கொடுத்துச்சு. அவங்களும் நாளைக்கு வேற ஊர்ல வெளிப்படகா நிக்க வேண்டி வரும், அவ்வளவுதான் கணக்கு.

ஊருக்கு வந்து ரெண்டாம் நாள் தம்பி வீட்டுக்குப் போனேன். "நீ போடுறது சி.ஆர். 1009, 155 நாளுக்கு மேல ஆகும். நான் பொன்னி போடுறதால உன் பயிர் நிக்கும்போதே எனக்கு அறுப்பு வந்துடுது. இந்த வருஷம் நானும் 1009 போடுறேன், ஒரே வாரத்துல நாத்து விடுவோம். முதல்ல உன் வயலை அறு. மெஷின் உன் தாள் மேல ஓரமா என் வயலுக்கு வரட்டும். வரப்பு உடைஞ்சா நானே அணைச்சுத் தர்றேன்"னேன்.

ரொம்ப நேரம் பேசல. அவன் சம்சாரம் மோர் கொண்டாந்து வச்சுச்சு. அப்புறம், "விதை எங்கண்ணே வாங்குறே?"ன்னான்.

சரின்னு சொல்லல. ஆனா ஏழு வருஷம் கழிச்சு அண்ணேன்னு கூப்பிட்டிருக்கான். விதை ரெண்டு பேருக்கும் சேர்த்தே வாங்கி வச்சுட்டேன். அறுப்பு தையில. என்ன ஆச்சுன்னு அப்ப எழுதுறேன்.