மண்ணைக் கேட்கும் தொழில்

பூகம்பத்தால் விளையக்கூடிய சேதத்தை முன்கூட்டிக் கணக்கிடுவது நமது தொழில் என்றதும், "அடுத்தது எப்போது வரும்?" என்றே எவரும் வினவுகின்றனர். நாளைக் குறித்துச் சொல்லுதல் எவர்க்கும் இன்றளவும் கைகூடவில்லை. பூமி அதிர்ந்தால் இந்த இடத்து மண் என்ன செய்யும் என்பதையே நாம் ஆராய்கின்றோம்.

அதற்கெனத் தரையில் ஆழத் துளையிட்டு, 63.5 கிலோ எடையை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு ஒரு குழாயை அடித்து இறக்குகின்றோம். முதல் 15 சென்டிமீட்டரைத் தள்ளிவிட்டு, அடுத்த 30 சென்டிமீட்டருக்கு எத்தனை அடி என்று எண்ண வேண்டும். அடி குறைந்தால் மண் இளகியது. எளிய வேலைதான், வெயிலில் நின்று எண்ணுபவர்க்கே அதன் அருமை தெரியும்!

1985 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோவின் பசிபிக் கரையருகே பூகம்பம் நேர்ந்தது. பெரிதும் பாழானதோ, ஏறத்தாழ 350 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த தலைநகரம். பழைய ஏரிப்படுகையின் மென்களிமண் மீது எழுந்த பகுதிகளில் தரை இரண்டு விநாடிக்கொரு முறை ஊசலாடிற்று. அக்கதிக்கு இசைந்து ஆடிய 6 முதல் 15 மாடி வரையுள்ள கட்டடங்கள் பல சரிந்தன. அண்டையிலிருந்த தாழ்ந்த வீடுகள் பல தப்பின.

நமக்கு ஆற்றாமை தருவது மற்றொன்று. இவ்வளவு வலிய அதிர்வு நேர 50 ஆண்டுகளில் நூற்றுக்கு 10 வாய்ப்பு என்னும் கணக்கையே, சராசரி 475 ஆண்டுக்கு ஒருமுறை என்றும் எழுதுவது வழக்கம். படிப்பவரோ, பேரப்பிள்ளைகள் காலம் வரை கவலையில்லை எனக் கொள்கின்றனர். அது நாளையும் வரலாம். அவ்வெண்ணைக் காட்டி அடித்தளச் செலவைக் குறைக்க வாதிடும் உரிமையாளர்களிடம் இதை விளக்குவதிலேயே, துளையிடுவதைவிட மிகுந்த நேரம் நமக்குக் கழிகின்றது.