பெயர் பொறித்த குக்கர்

எங்கள் காயல்பட்டினத்தில் பெண்கள் அடுப்படி அமைப்பதில்லை. அடுப்படி அவர்களுக்கு வாய்க்கிறது. நிக்காஹ் முடிந்தபின் மணமகன்தான் பெண் வீட்டுக்கு வந்து தங்குகிறான். வீடு பெண்மக்கள் வழியே இறங்குகிறது. ஆகவே தாய் ஊதிய அடுப்பை மகள் ஊதுகிறாள். மகள் துலக்கிய தேக்சாவைப் பேத்தி துலக்குகிறாள். கீழக்கரையிலும் ஏறத்தாழ இதே வழக்கம் உண்டு. நானும் அவ்வாறு மனைவியின் வீட்டுக்கு வந்து, அங்கே முப்பது ஆண்டுகளாக உண்பவன். அந்த அடுப்படியில் இருக்கும் ஒரு கரண்டியைக்கூட நான் வாங்கியதில்லை. என் மனைவியும் வாங்கியதில்லை. எல்லாம் முன்னமே இருந்தவை.

இந்த வரிசையில் முதல்முறையாகத் தனக்கென்று ஓர் அடுப்படியை விலை கொடுத்து அமைத்தவள் என் மகள். 2022 ஆம் ஆண்டு முதுகலைப் படிப்புக்காகச் சென்னையின் தென்புறத்துக்குச் சென்ற அவள், தோழியர் இருவருடன் சேர்ந்து பெருங்களத்தூரில் ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்தாள். தாம்பரத்தை விட்டுத் தெற்கே செல்லும் மின்சார வண்டிக்கு அதுதான் அடுத்த நிலையம், அதற்கடுத்தது வண்டலூர். 1937 இல் கிறித்துவக் கல்லூரி தாம்பரத்துக்கு இடம் பெயர்ந்தது. 1984 இல் பி.எஸ். அப்துர் ரஹ்மான் அவர்கள் வண்டலூரில் கிரசெண்ட் பொறியியல் கல்லூரியைத் தொடங்கினார்கள். இப்படிக் கல்லூரிகள் பெருகப் பெருக, இடைப்பட்ட பெருங்களத்தூரில் மாணவர் குடியிருப்பதும் பெருகியது. தென்மாவட்டத்தாருக்கோ அவ்வூர் வேறு வகையில் பழக்கம். 2023 ஆம் ஆண்டின் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறக்கப்படும் வரை, பெருநாளுக்கும் பொங்கலுக்கும் ஊர் திரும்புவோர் மூட்டையும் முடிச்சுமாய் நள்ளிரவில் பேருந்துக்குக் காத்து நின்றது அங்கேதான்.

முதலில் பார்த்த வீட்டில், மீன் பொரிக்கும் வாசனை கூடாது என்றார்கள். கடற்கரை ஊர்ப் பெண்ணிடம் சொல்லத்தக்க நிபந்தனையா அது? இரண்டாவது வீட்டுக்கார அம்மையார் சுவரில் எண்ணெய் தெறிக்கக் கூடாது என்று மட்டும் சொன்னார். அதற்கு நாங்கள் உடன்பட்டோம்.

செந்தூர் விரைவு வண்டியில் மகளுடன் நான் புறப்பட்டபோது என் மாமி கட்டிக் கொடுத்த சாக்கு மூட்டையில் ஈயம் பூசிய பித்தளைத் தேக்சா ஒன்று, அலுமினியக் குண்டான் ஒன்று, மீன் ஆணத்துக்கென்று பழக்கிய மண்சட்டி ஒன்று, நாலு பேர் சுற்றி அமர்ந்து உண்ணத்தக்க சஹன் ஒன்று ஆகியவை இருந்தன. எங்கள் வீட்டில் ஒருவருக்கென்று சமைக்கும் அளவில் பாத்திரமே கிடையாது என்பது அன்றுதான் எனக்குப் புலப்பட்டது. விருந்தாளி வருவான் என்ற எண்ணத்திலேயே வாங்கப்பட்ட பாத்திரங்கள் அவை.

பெருங்களத்தூர் வீட்டிலோ ஆம்பூர்த் தோழி கொண்டுவந்த மின்காந்த அடுப்பு, அதாவது இண்டக்‌ஷன் அடுப்பு, காத்திருந்தது. மாமியின் பாத்திரங்களில் ஒன்றையும் அது ஏற்கவில்லை. அவ்வடுப்பில் நெருப்பு இல்லை. அதன் கண்ணாடித் தட்டின் கீழுள்ள கம்பிச் சுருள் காந்தப்புலத்தை எழுப்ப, அப்புலம் பாத்திரத்தின் அடியில் மின்னோட்டத்தைத் தூண்ட, பாத்திரமே சூடேறுகிறது. இரும்பிலும் காந்தம் ஒட்டும் எவர்சில்வரிலும் இது நடக்கும். அலுமினியத்திலும் செம்பு, பித்தளையிலும் மின்னோட்டம் தடையின்றி ஓடிவிடுவதால் போதிய வெப்பம் பிறவாது. மண்ணில் ஓட்டமே பிறவாது. இதைத் தொலைபேசியில் விளக்கினேன். “நெருப்பே இல்லாமல் சோறு எப்படி மாப்பிள்ளை வேகும்?” என்று மாமி கேட்டார்கள். பிறகு, “அப்படியானால் என் சட்டிக்கு ஏற்ற அடுப்பை வாங்குங்கள்” என்று முடித்துவிட்டார்கள்.

அது முதிய பெண்ணின் பிடிவாதம் என்றே அப்போது தோன்றிற்று. ஆனால் வீட்டின் மின்கம்பிகளைப் பார்க்க வந்தவர் மாமியின் பக்கமே பேசினார். 2000 வாட் அடுப்பு ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். சுவரில் இருந்ததோ சிறிய ஐந்து ஆம்பியர் சாக்கெட். தொடர்ந்து சமைத்தால் கம்பி உருகும் என்றார். ஆக எரிவாயு தேவைப்பட்டது.

வாடகை வீட்டு மாணவர்க்கு முழு அளவு வீட்டு இணைப்பு எளிதன்று. முகவரிச் சான்று கேட்பார்கள். இவர்களைப் போன்றோருக்கென்றே 2013 முதல் 5 கிலோ சிறு உருளை விற்பனைக்கு உள்ளது. அடையாள அட்டை ஒன்று போதும். இந்தியன் ஆயில் அதற்கு 2020 இல் ‘சோட்டு’ என்று பெயர் சூட்டியது. பெரிய உருளையைவிடக் கிலோவுக்கு விலை கூடத்தான். எனினும், ரமலானில் சஹருக்கு எழும் பெண்கள் சூடாய் ஒரு வாய் சோறு உண்ண வேண்டுமானால், கைக்கெட்டும் அடுப்பு வேண்டும். எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். ஆகவே கதவின் கீழிடைவெளியைத் துணி வைத்து அடைக்காதீர்கள், உருளை கீழும் அடுப்பு மேலுமாக இருக்கட்டும் என்று மூவரிடமும் இருமுறை சொல்லிவிட்டு வந்தேன்.

தாம்பரம் சண்முகம் சாலையில் மற்றவற்றை வாங்கினோம். மூன்று லிட்டர் குக்கர், தோசைக் கல், கத்தி, தேங்காய்த் துருவி, மூடியுள்ள டப்பாக்கள் ஐந்து. கடைக்காரர் இருபத்து நான்கு உருப்படிகள் கொண்ட ‘செட்’ ஒன்றைக் காட்டினார். திண்டுக்கல் தோழி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவளது கணக்கு தெளிவானது: கூட்டாக எதையும் வாங்கக் கூடாது, ஒவ்வொரு பொருளும் ஒருத்தியுடையதாக இருக்க வேண்டும், பிரியும்போது அவரவர் எடுத்துச் செல்லலாம். படித்தவர்கள் பாகப்பிரிவினை செய்கிறபோது இந்தத் தெளிவு இருந்தால் எத்தனையோ வழக்குகள் எழாமலே போயிருக்கும்.

குக்கர் என் மகளின் பங்காயிற்று. உள்ளே அழுத்தம் கூடுவதால் நீர் 120 பாகை அளவில் கொதிக்கிறது. அதனால் பருப்பு விரைவில் வேகிறது, எரிவாயு மிச்சமாகிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பார்த்தே எடுத்தோம். விலை கொடுத்ததும், “என்ன பெயர் வெட்ட?” என்று கடைக்காரர் பொறிக்கும் கருவியைக் கையிலெடுத்தார்.

எங்கள் வீட்டுப் பாத்திரங்களில் வீட்டின் பெயரின் முதலெழுத்துகளே இருக்கும். நான் அவற்றைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மகள் தன் பெயரைச் சொல்லிவிட்டாள். வீட்டெழுத்து இல்லை, என் பெயரின் முதலெழுத்தும் இல்லை. வெறும் பெயர்.

மாமியின் மண்சட்டி எரிவாயு அடுப்பில் ஏறியது. கூடவே மாமி தந்தனுப்பிய மாசி அந்த அடுப்படியைப் பல நாள் காப்பாற்றியது. சூரை மீனை அவித்து, புகையூட்டி, வெயிலில் கட்டையாய்க் காயவைக்கும் மாசிக்குக் குளிர்ப்பெட்டி வேண்டாம், மாதக்கணக்கில் கெடாது. இடித்து வெங்காயமும் தேங்காயும் சேர்த்தால் சம்பல், வெறுஞ்சோறு இறங்கிவிடும். மாலத்தீவும் இலங்கையும் சென்று வணிகம் செய்தவர்களின் உணவு, வகுப்பு முடிந்து இரவு எட்டு மணிக்குத் திரும்பும் மூன்று பெண்களுக்கும் பொருந்திற்று. மூவரும் சஹனில் ஒன்றாகவே உண்டார்கள். கழுவுவதற்கு ஒரே தட்டு என்பது அவர்கள் கூறிய காரணம்.

2024 இல் படிப்பு முடிந்தது. மகளுக்கு வேலை கிடைத்து, குக்கர் அவளுடன் வேளச்சேரிக்குப் போயிற்று. மண்சட்டியை ஆம்பூர்ப் பெண் கேட்டு வாங்கிக்கொண்டாள். தேங்காய்த் துருவி மட்டும் யார் காசில் வாங்கியது என்பது மூவருக்கும் நினைவில்லை. இன்றும் தொலைபேசியில் வழக்கு நடக்கிறது.