பாம்பன் பாலம் ஹாலுக்குள் அடங்குமா?

மண்டபத்தைத் தாண்டி அன்னை இந்திரா காந்தி பாலத்தில் ஏறியதும், எப்பேர்ப்பட்ட வேகக்காரருக்கும் கை தானாக ஆக்சிலரேட்டரைத் தளர்த்திவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக்கை விரட்டி, அரிச்சல்முனையில் நின்று செல்ஃபி எடுக்கவேண்டும் என்று வரும் இளைஞர்களும் இங்கே ஓரம் ஒதுங்கி, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு கீழே எட்டிப் பார்க்கிறார்கள். ஒரு பக்கம் 1914-ல் திறந்த பழைய ரயில் பாலம். அதை ஒட்டியே 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலம்.

அந்தக் காட்சியை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோக முடிந்தால்?

முடியும். குட்டி ரயில் செய்வது உலகம் முழுக்கப் பல லட்சம் பேருக்கு இருக்கும் பைத்தியம். ரேஸ் பிரியர்களுக்கும் இது தூரத்துச் சொந்தம்தான். மாடல் ரயில்களுக்குப் பேர்போன பிரிட்டனின் ஹார்ன்பி நிறுவனம்தான் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் ரேஸ் கார்களையும் பல ஆண்டுகள் விற்றுவந்தது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 2001-ல் தொடங்கிய மினியாட்டூர் வுண்டர்லாண்டில், ரயில்களுக்கு நடுவே 2024-ல் மொனாக்கோ நகரத்தையே அமைத்து, விரல் நீளக் கார்களை ரேஸ் ஓடவிட்டார்கள். நம் நாட்டில் பார்க்க வேண்டுமானால் புனேயில் ஜோஷி மினியேச்சர் ரயில் அருங்காட்சியகம் 1998 முதல் இருக்கிறது.

சரி, பாம்பனுக்கு வருவோம். பழைய பாலத்தின் நீளம் ஏறக்குறைய 2 கிலோமீட்டர். மாடல்காரர்கள் அதிகம் பயன்படுத்தும் அளவு, அசலை 87-ல் ஒரு பங்காகச் சுருக்குவது. அந்தக் கணக்கில் பாலம் மட்டுமே சுமார் 24 மீட்டர் வரும். ஹாலைத் தாண்டி, வாசலைத் தாண்டி, பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிற தூரம்! அதனால் தூக்குப்பாலத்தையும் இருபுறமும் நாலைந்து கண்களையும் மட்டும் செய்தால் போதும். பார்த்தவுடன் பாம்பன் என்று தெரிந்துவிடும்.

இரண்டு தூக்குப்பாலங்களில் புதியது சுலபம். 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி, இரு கோபுரங்களுக்கு நடுவே லிஃப்ட் போல நேராக 17 மீட்டர் மேலேறுகிறது. மாடலில் அது 83 சென்டிமீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் ஏற்றம். நூல், எதிர்எடை, சின்ன மோட்டார் போதும். பழையதுதான் வேலை வாங்கும். ஷெர்சர் வகைப் பாலம் அது. இரண்டு இறக்கைகள், அவற்றின் அடியில் கால்வட்ட இரும்பு. இறக்கை மேலே எழும்போதே பின்பக்கமாக உருண்டு நகர்கிறது. வெறும் கீல் வைத்துச் செய்தால் பார்ப்பவருக்கு ஏதோ தப்பு என்று உறைக்கும். அசலில் இதை ஊழியர்கள் கையால் சுற்றித்தான் திறந்தார்கள் என்பதால், மாடலிலும் கைப்பிடி வைப்பதே பொருத்தம்.

தண்டவாளத்திலும் ஒரு சிக்கல். 2007-ல் இங்கே அகல ரயில் பாதை வந்தது. அந்த அகலத்தை 87-ஆல் வகுத்தால் 19 மில்லிமீட்டருக்கு மேல் வருகிறது. கடையில் கிடைப்பதோ 16.5 மில்லிமீட்டர்தான். ஆனால் அதற்கு முந்தைய மீட்டர் கேஜ், 12 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் கச்சிதமாக உட்காரும். ஆகவே போட் மெயில் காலத்துப் பாம்பனைச் செய்வதே புத்திசாலித்தனம்.

வேகப் பிரியர்களுக்கு உண்மையான சோதனை மெதுவாக ஓட்டுவதுதான். கடைசிக் காலத்தில் ரயில்கள் பழைய பாலத்தில் மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டரில் ஊர்ந்தன. மாடலில் அது நொடிக்கு 3 சென்டிமீட்டர். மலிவான மோட்டார் அந்த வேகத்தில் திக்கித் திணறும், நின்றே போகும். த்ராட்டில் பிடிக்கத் தெரிந்த கை இங்கேதான் தேவைப்படுகிறது.

பாலம் தாண்டினால் பாம்பன் ஸ்டேஷன். முன்பு இங்கிருந்துதான் ஒரு பாதை ராமேஸ்வரத்துக்கும், இன்னொன்று தனுஷ்கோடிக்கும் பிரிந்தது. தனுஷ்கோடியில் ரயிலிலிருந்து இறங்கிக் கப்பல் ஏறினால் தலைமன்னார், அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்பு. இன்று மிஞ்சியிருப்பது தேவாலயச் சுவர்களும் ஸ்டேஷன் இடிபாடுகளும்தான். இந்தப் பக்கம் அமைதியான பெண் கடல், அந்தப் பக்கம் சீறும் ஆண் கடல், நடுவே மணல். மணலைத் தவிர வேறெதையும் அதிகம் சேர்க்காமல் இருப்பதே இந்த ஊரைச் செய்வதில் உள்ள கஷ்டம்.

1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து கிளம்பிய 653 பாசஞ்சர், தனுஷ்கோடியை நெருங்கும்போது புயல் அலையில் சிக்கியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் போனார்கள். பாலத்தின் 145 கர்டர்களில் 126 கடலில் விழுந்தன, தூக்குப்பாலம் மட்டும் தப்பியது. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலம் மறுபடி எழுந்தது. தனுஷ்கோடிப் பாதை மட்டும் திரும்பவில்லை. அந்த ரயிலைக் கவிழ்ந்த கோலத்தில் யாரும் பொம்மையாகச் செய்யக் கூடாது. அன்று சாயங்காலம், பாம்பன் பிளாட்பாரத்தில், ஜன்னல்களில் மஞ்சள் விளக்கெரிய நிற்பதாகச் செய்யலாம்.

பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுவிட்டது. அதைப் பிரித்தெடுக்கும் ஏற்பாடுகளும் தொடங்கிவிட்டன. செய்து பார்க்கும் ஆசை உள்ளவர்கள் சீக்கிரம் போய்விடுவது நல்லது. காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது தூண்களின் கறையும் ஆணித் தலைகளும் தெளிவாகத் தெரியும். படத்தில் ஒரு மீன்பிடிப் படகும் விழும்படி எடுத்தால், பிறகு வீட்டில் உட்கார்ந்து அளவு கணக்கிட வசதி.