நண்பன் கேட்ட மூன்று கேள்விகள்

கண்டி மாநகரிலிருந்து மகியங்கனை செல்லும் நெடுஞ்சாலையில் பஸ் வண்டி ஏறினால், தென்னக்கும்புரப் பாலத்தில் மகாவலி கங்கையைக் கடந்து, சிறிது நேரத்தில் குண்டசாலையை அடைந்துவிடலாம். நெரிசல் இல்லாத நாளில் அரைமணி நேரப் பயணந்தான். கண்டியிலேயே வாழும் எனக்கு அந்தப் பயணத்தை மேற்கொள்ள எட்டு ஆண்டுகள் சென்றன. போய்ப் பார்த்து எழுதும்படி கேட்ட நண்பனோ இன்று உயிருடன் இல்லை.

நாங்கள் இருவரும் கண்டியில் ஒரே வாங்கில் அமர்ந்து படித்தவர்கள். அவனுடைய தந்தையார் குண்டசாலைக்கு அருகே ஒரு கொக்கோத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். சனிக்கிழமைகளில் நான் அவன் வீட்டுக்குப் போவதுண்டு. கொக்கோப் பழத்தை உடைத்து, விதையைச் சுற்றியுள்ள வெண்ணிறச் சதையைச் சுவைத்தபடி ஆற்றங்கரையில் அமர்ந்திருப்போம். அவன் அன்னையார் எனக்கும் சேர்த்தே உலை வைப்பார்.

குண்டசாலை சாதாரண ஊரன்று. 1707 முதல் 1739 வரை கண்டி இராச்சியத்தை ஆண்ட வீர நரேந்திரசிங்க மன்னன் இங்கே அரண்மனை அமைத்து வாழ்ந்தான். அவனைக் குண்டசாலை மன்னன் என்றே மக்கள் அழைத்தனர். அவன் மணந்த அரசி மதுரையிலிருந்து வந்தவள். மன்னனுக்குப் பின் அரசியின் சகோதரனே ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்னும் பெயருடன் முடிசூடினான். அவ்வாறு தொடங்கிய நாயக்கர் ஆட்சி 1815 வரை நீடித்தது. அவ்வாண்டில் சிறைப்பட்ட கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூருக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1832இல் அங்கேயே மாண்டான்.

சரித்திரப் பாடத்தில் இதைப் படித்த அன்று என் நண்பன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "மதுரையிலிருந்து வந்தவர்களுக்கு இங்கே சிம்மாசனம் கிடைத்தது, திருச்சிராப்பள்ளியிலிருந்து வந்த என் பாட்டனாருக்கு மண்வெட்டி கிடைத்தது." அந்தச் சிரிப்பின் பொருள் அன்று எனக்கு விளங்கவில்லை.

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவன் குடும்பத்தை நாடற்றவர்களாக்கியிருந்தது. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் உரியவர்கள் என்று வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. அந்த இலக்கங்களுள் ஒன்றாக என் நண்பனும் இருந்தான். அன்னையாரைத் தோட்டத்து எல்லையில் அடக்கஞ் செய்து ஓராண்டு கழிவதற்குள், 1971இல், தந்தையுடன் அவன் புறப்பட்டான். கண்டிப் புகையிரத நிலையத்தில் தலைமன்னார் செல்வதற்காக அவன் வண்டியேறியபோது, எங்கள் இருவருக்கும் பேச்சே வரவில்லை. "கடிதம் போடுகிறேன்" என்று மட்டும் சொன்னான்.

சொன்னபடியே போட்டான். தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாட்டு அரசு 1968இல் நீலகிரியில் தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் அவனுக்கு வேலை கிடைத்தது. கூடலூரிலிருந்து ஆண்டுக்கு இரண்டு மூன்று கடிதங்கள் வரும். எட்டு ஆண்டுகளுக்கு முன் வந்த கடிதத்தில் மூன்று கேள்விகள் கேட்டிருந்தான். ஆறு முன்போலவே பாறைகளில் மோதி ஒலிக்கிறதா? கல்மடுவைக் கோபுரம் அப்படியே நிற்கிறதா? அம்மாவின் மேட்டில் நட்ட செண்பகம் இருக்கிறதா? நேரில் பார்த்த பின் எழுதலாம் என்று நான் நாட்களைக் கடத்தினேன். சென்ற மாதம் அவன் மகனிடமிருந்து மரணச் செய்தி வந்தது. மறுநாட் காலையே பஸ் ஏறினேன்.

முதலில் ஆற்றங்கரைக்குச் சென்றேன். ஆறு இருக்கிறது, பழைய முழக்கம் இல்லை. 1976இல் பொல்கொல்லையில் எழுந்த அணை மகாவலியின் நீரில் ஒரு பகுதியை மறித்து, ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியே உக்குவலைக்குத் திருப்பிவிடுகிறது. மின்சாரம் தந்த பின் அந்நீர் வடக்கே வறண்ட நிலங்களின் வயல்களுக்குச் செல்கிறது. குண்டசாலையோ பொல்கொல்லைக்குக் கீழே உள்ள ஊர். இன்னும் கீழே, 122 மீற்றர் உயரமான விக்டோரியா அணை 1985இல் திறக்கப்பட்டபோது பழைய தெல்தெனியா நகரமே நீரில் மூழ்கியது. ஆற்றின் வழியை மனிதர் மாற்றினர். அது சென்ற இடத்தில் நெல் விளைகிறது. என் நண்பனும் அனுப்பப்பட்ட இடத்தில் தேயிலை வளர்த்தான்.

அடுத்து, நத்தரம்பொத்தைப் பக்கமாகக் கல்மடுவைக்குச் சென்றேன். 1747 முதல் 1782 வரை ஆண்ட கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் எழுப்பத் தொடங்கி முற்றுப்பெறாமல் விட்ட பௌத்த ஆலயம் இது. மன்னனின் கவனம் தெகல்தொருவைக் குகைவிகாரைக்குத் திரும்பியதால் இப்பணி நின்றதென்பர். கீழே வளைவு வாயில்கள். மேலே தென்னாட்டுக் கோயில் போலப் படிப்படியாகக் குறுகிச் செல்லும் கோபுரம். பௌத்த ஆலயத்தின் தலைமேல் நம்மூர்க் கோபுரம் இருப்பதைச் சிறுவயதில் நாங்கள் வியந்து பார்ப்போம். அது அப்படியே நிற்கிறது. இந்தக் கேள்விக்கு மட்டுமே அவன் மகிழும்படி விடை சொல்ல முடியும்.

மூன்றாவது இடத்தைத் தேடினேன். 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தச் சட்டங்களுக்குப் பின் தோட்டங்கள் கைமாறின. லயன்கள் நின்ற இடத்தில் இன்று வீடுகளும் மதில்களும் உள்ளன. வாசலில் மிளகு உலர்த்திக்கொண்டிருந்த முதிய சிங்கள மாதொருத்தியிடம் விசாரித்தேன். "சில மரங்கள் இருந்தன, மாத்தயா. ஐந்தாறு வருடங்களுக்கு முன் பாதையை அகலமாக்கியபோது வெட்டிவிட்டார்கள். ஒரு சப்பு மரமும் நின்றது" என்றாள். செண்பகத்தைச் சிங்களத்தில் சப்பு என்பார்கள். அது அவன் நட்ட மரந்தானா என்பதை இனி எவரும் சொல்வதற்கில்லை. ஆனால் கடிதம் வந்த வாரமே நான் போயிருந்தால், அங்கே நின்ற மரத்தைத் தொட்டுப் பார்த்திருப்பேன். உதிர்ந்த பூவொன்றை உறையிலிட்டு அவனுக்கு அனுப்பியிருப்பேன்.

அம்மாது தேநீர் தந்தாள். யாரைத் தேடி வந்தேன் என்று கேட்டாள். என் நண்பனின் அன்னையாரைப் பற்றிச் சொன்னேன். அவள் சற்றுநேரம் பேசாதிருந்தாள். பின்பு தன் வீட்டு வேலியோரம் நின்ற அரலியில் ஒரு கை மலர் பறித்து வந்து என்னிடம் தந்தாள். பாதையோரத்தில், மேடு இருந்திருக்கக்கூடும் என்று தோன்றிய இடத்தில், அவற்றை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் கூடலூருக்குக் கடிதம் எழுதினேன். மூன்று கேள்விகளுக்கும் உள்ளபடியே விடை எழுதி, மேலுறையில் அவன் மகனின் பெயரை இட்டேன். இதைப் படிக்கும் மாணவ மாணவியர்க்கு ஒரு வார்த்தை: நண்பர் ஏதேனும் கேட்டு எழுதியிருந்தால் இன்றே மறுமொழி அனுப்புங்கள். விடை முழுமையாக இல்லாவிட்டாலும் குற்றமில்லை.