பாலாற்றங்கரையில் ஒரு பழைய மோட்டார்

வேலூரைப் பற்றி ஜனங்கள் நெடுங்காலமாக ஒரு வேடிக்கை வசனம் சொல்லி வருவதுண்டு. அரசன் இல்லாத கோட்டை, சுவாமி இல்லாத கோயில், நீர் இல்லாத ஆறு ஆகிய மூன்றும் அவ்வூருக்கே உரிய விசேஷங்கள் என்பார்கள். கோட்டையில் அரசன் இல்லாவிட்டாலும், 1806 ஜூலை 10-ஆம் தேதி சிப்பாய்கள் அந்நியக் கம்பெனியாரை எதிர்த்து எழுந்த பெருமை இருக்கிறது. கோயிலைப் பற்றிய சொல் 1981-ஆம் ஆண்டோடு பொய்யாயிற்று. ஜலகண்டேசுவரர் ஆலயத்தில் மறுபடியும் மூர்த்தி எழுந்தருளிப் பூஜை நடந்து வருகிறது. பாலாறு மட்டும் ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகவே கிடக்கிறது. அந்த மணலுக்கு அடியில் உள்ள நீர் எத்தகையது என்பதை நமக்கு விளக்கிச் சொன்னது நமது அம்பாஸடர் வண்டியின் ரேடியேட்டர்.

சென்ற கோடை விடுமுறையில் வேலூரிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தூரத்திலுள்ள ஆம்பூருக்குப் பிரயாணமானோம். பள்ளிகொண்டாவைத் தாண்டியதும் உஷ்ணமானியின் முள் மேலே ஏறிற்று. வண்டியின் முகப்பிலிருந்து ஆவி கிளம்பிற்று. சாலையோரத்துப் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி, அது ஆறும் வரை காத்திருந்தோம். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் கொதிநீர் பீறிட்டு முகத்தை வேகவைத்துவிடும். காய்ந்த இஞ்சினில் திடீரென்று குளிர்ந்த நீரை வார்த்தாலோ இரும்பு விரிசல் காணக்கூடும். பெட்டிக் கடைக்காரர் ஒருவர், "மஞ்சள் தூளைக் கரைத்து ஊற்றுங்கள் ஸார், ஒழுக்கு நின்றுவிடும்" என்றார். இது லாரிக்காரர்களின் பழைய கைமருந்து. சிறு ஒழுக்கை அது அடைப்பது உண்மையே. ஆனால் நல்ல குழல்களையும் சேர்த்து அடைத்துவிடும். ஆகவே நன்றி கூறிவிட்டு, நீரை நிரப்பிக்கொண்டு மெதுவாக ஆம்பூர் போய்ச் சேர்ந்தோம்.

அம்பாஸடர் வண்டி 2014 மே மாதத்தோடு உற்பத்தி நின்றுபோன ஜாதி. புது ரேடியேட்டர் தேடி அலைந்து வாங்குவதென்றால் உபாத்தியாயர் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாது. நெடுஞ்சாலை ஓரத்துப் பட்டறையில் இருந்த பெரியவர் ஒருவர் நமது கவலையைக் கேட்டுச் சிரித்தார்.

"புதுசு எதுக்கு ஸார்? இது பித்தளை. இந்தக் காலத்து அலுமினியமாயிருந்தா தூக்கிப் போடச் சொல்லுவேன். இதுக்குப் பற்று வைக்கலாம், பிரிக்கலாம், மறுபடி மூடலாம்."

அவர் சொன்னதில் விஞ்ஞானம் இருக்கிறது. பழைய ரேடியேட்டரில் மேலும் கீழும் இரண்டு பித்தளைத் தொட்டிகள். நடுவே மெல்லிய பித்தளைக் குழல்கள். அவற்றைச் சுற்றிச் செப்புத் தகட்டு மடிப்புகள். இவையெல்லாம் ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றினால் இணைக்கப்பட்டவை. பித்தளை உருகச் சுமார் 900 டிகிரி உஷ்ணம் வேண்டும். இந்தப் பற்றோ 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். ஆகையால் பித்தளைக்குச் சேதமின்றி மூட்டைக் கழற்றலாம். நமது பாட்டிமார் காலத்தில் வீதியில் வந்து பித்தளைப் பாத்திரத்துக்கு நவச்சாரமிட்டு ஈயம் பூசினவர்களின் வித்தைக்கு இது நெருங்கிய உறவு.

பெரியவர் செலவு குறைந்த இடத்திலிருந்து ஆரம்பித்தார். முதலில் மூடியைச் சோதித்தார். நல்ல மூடி உள்ளேயுள்ள நீரை அழுத்தத்தில் வைத்திருக்கும். அதனால் 100 டிகிரியைத் தாண்டியும் நீர் கொதிக்காது. பிறகு ரப்பர் குழாய்கள், விசிறிப் பட்டை, தெர்மோஸ்டாட் ஆகியவற்றைப் பார்த்தார். அதன் பின்னரே ரேடியேட்டரைக் கழற்றி, வாய்களை அடைத்து, நீர்த்தொட்டியில் அமிழ்த்திக் காற்றைச் செலுத்தினார். ஓரிடத்தில் முத்து முத்தாகக் குமிழி வந்தது. அங்கே சுரண்டிச் சுத்தம் செய்து பற்று வைத்தார். மேல் தொட்டியைப் பிரித்துக் குழல் ஒவ்வொன்றிலும் மெல்லிய கம்பியை விட்டுக் குத்தி எடுத்தபோது, சுண்ணாம்பு போன்ற வெள்ளைப் பொருக்கு உதிர்ந்தது. குழல்களே இற்றுப்போயிருந்தால், தொட்டிகளை வைத்துக்கொண்டு நடுப்பகுதியான கோரை மட்டும் மாற்றலாமாம். நமக்கு அந்தச் செலவு நேரவில்லை.

"இது யாரோ போர் தண்ணியையே ஊத்தி ஓட்டின வண்டி" என்றார் பெரியவர். வண்டியை முன்பு வைத்திருந்தவர் அப்படித்தான் ஓட்டினாராம்.

இவ்விடத்தில்தான் ரேடியேட்டரின் கதை ஊரின் கதையாகிறது. தோல் அழுகாதிருக்க உப்பிடுகிறார்கள். முன்னாளில் ஆவாரம் பட்டையால் பதனிட்டார்கள். பிற்பாடு குரோமிய உப்பு வந்தது. இத்தொழிலும் இதையொட்டி வளர்ந்த பாதரக்ஷைத் தொழிற்சாலைகளும் எண்ணற்ற குடும்பங்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, சோறு போடுகின்றன. அதே சமயம் கழிவுநீர் பல்லாண்டுகளாக ஆற்றிலும் வயலிலும் இறங்கி நிலத்தடி நீரைக் கெடுத்திருக்கிறது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையை நாட்டின் சட்டமாக ஏற்றது. கழிவுநீரைச் சுத்திகரிக்கப் பொது நிலையங்கள் ஏற்பட்டன. ஆயினும் 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் பாலாற்றின் நிலையைக் குறித்து மீண்டும் கடுமையாகப் பேச நேர்ந்தது. பாலாற்றங்கரை ஊர்களுக்கு இன்று மேட்டூரிலிருந்து காவேரி ஜலம் குழாய் வழியே வருகிறது.

உப்பு நீர் பித்தளையை அரிக்கும். கடின நீர் குழலில் பொருக்குக் கட்டும். ஆகவே பழைய வண்டி வைத்திருக்கும் நேயர்கள் வடிநீரையும் கூலன்டையும் அளவாகக் கலந்து வார்ப்பதே சிக்கனம்; அவசரத்துக்கு, கூரையை நன்றாகக் கழுவிய பின் பிடித்த மழைநீர் உதவும்.

பட்டறையை விட்டுப் புறப்படும்போது, பெரியவர் வண்டியிலிருந்து வடித்த பழைய நீரை வாய்க்காலில் கொட்டாமல் தனி டப்பாவில் அடைத்து ஓரமாக வைத்தார். கூலன்டு கலந்த நீர் இனிப்பாக இருக்குமென்றும், ஆடுமாடு குடித்தால் செத்துப்போகுமென்றும் சொன்னார். "ஆத்துக்கு இருக்கிற கஷ்டம் போதாதா ஸார்?" என்று அவர் கேட்டதற்கு நம்மிடம் மறுமொழி இருக்கவில்லை.